கொலு பொம்மை, கிரைண்டர், கல் அட்டிகை: விமானத்துக்குப் பெட்டி கட்டுவது எப்படி

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் அம்மாவின் பெட்டியில் அவருடைய துணி கால் பங்குகூட இருக்காது. டேபிள் டாப் கிரைண்டர், கொலு பொம்மைகள், பூஜையறைக்கு ஒரு தஞ்சாவூர்ப் படம், ஊறுகாய், பேத்திக்கு வெள்ளிக் கொலுசு, விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளக் கல் அட்டிகை. சிங்கப்பூருக்கோ சிட்னிக்கோ போகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். இவை அத்தனையையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். வேலைகளைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் முதலில் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு அதற்குள் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். செக்-இன் கவுண்டர் பக்கத்தில் தரையில் பெட்டிகளைத் திறந்துபோட்டு, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல பொருள்களின் கதி அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. வீட்டில் பார்த்துப் பார்த்துச் சுற்றிய பொம்மையின் மேல் கிரைண்டர் கல் ஏறி உட்காருவது அப்போதுதான். ஆகவே பொருளைப் பிரிப்பது முதல் வேலை. பெட்டி வாங்குவது அதற்குப் பிறகு.

கூடத்தில் பரப்புங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, கொண்டுபோக நினைக்கும் எல்லாவற்றையும் அதன்மேல் வையுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது தொலைந்தால் காசு கொடுத்து வேறொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால் அது உங்கள் கையோடுதான் வர வேண்டும். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் மூன்று குவியல் தானாக அமையும்.

1. கையோடு வருபவை. நகை, பணம், பாஸ்போர்ட், சொத்துப் பத்திரம், சான்றிதழ்கள், அன்றாட மாத்திரைகள், இன்சுலின், மருத்துவரின் சீட்டு, லேப்டாப், கேமரா, பவர் பேங்க். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும் என்பதால் அதைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது.

2. செக்-இன் பெட்டியில் போகலாம் என்பவை. துணி, பாத்திரம், கிரைண்டர், பொம்மை, படம், பொடி வகைகள், ஊறுகாய். வெளிநாட்டு விமானத்தில் கைப்பெட்டியில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் திரவம் வரக்கூடாது. எனவே நெய், தைலம், நல்லெண்ணெய் எல்லாம் இந்தக் குவியலுக்குத்தான். அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பெட்டியில் சுமார் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். சாம்பார்ப் பொடியையும் பருப்புப் பொடியையும் கீழே அனுப்பிவிடுவதே நல்லது.

3. விமானத்தில் ஏறக்கூடாதவை. கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு, லைட்டர் காஸ், கொப்பரைத் தேங்காய். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். பூஜைச் சாமான்களைச் சேர்த்துக் கட்டும்போது அது தெரியாமல் உள்ளே போய்விடும். ஆகவே அந்தப் பையை மட்டும் இரண்டு முறை கொட்டிப் பாருங்கள். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குகளின் பட்டியலில் அது இருக்கிறது.

கூடவே, போகும் நாட்டின் விதிகளையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் விழும்.

பேட்டரிக் கணக்கு

பவர் பேங்க், தனியாக எடுத்து வைத்த கேமரா பேட்டரி இரண்டும் கைப்பெட்டியில் மட்டுமே வரலாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் அணைக்க ஆள் இருக்கிறது, கீழ்த்தளத்தில் இல்லை. அதனால்தான் இந்த விதி.

100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு கொண்டுபோகலாம். அதற்கு மேல் கிடையாது. உங்கள் பவர் பேங்கில் மில்லிஆம்பியர் மட்டும் போட்டிருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 மில்லிஆம்பியர் என்றால் 74 வாட்-அவர். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் நிறுத்திவிட வாய்ப்புண்டு, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பறக்கும்போது அதை மேல் தட்டில் போடாமல், சூடேறினால் உடனே தெரியும்படி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வாங்கும் முன் டிக்கெட்டைப் படியுங்கள்

சில வழித்தடங்களில் உருப்படிக் கணக்கு, சிலவற்றில் எடைக் கணக்கு. அமெரிக்கப் பயணத்துக்குப் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மொத்த எடையாகச் சொல்வது வழக்கம். எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைச் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கைப்பெட்டிக்கு இந்திய விமானங்களில் பொதுவாக 7 கிலோ, 55 × 35 × 25 சென்டிமீட்டர்.

கடையில் பார்க்க வேண்டியவை:

1. வெறும் பெட்டியின் எடை. 28 அங்குலப் பெட்டி 4.5 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். 23 கிலோவில் பெட்டி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உங்கள் பொருளுக்கு.

2. மூடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பாலிகார்பனேட்டும் பாலிபுரொப்பிலீனும் உள்வாங்கித் திரும்ப எழும்பும். விலை மலிவான ஏபிஎஸ் விறைப்பாக இருக்கும், ஓங்கி அடி விழுந்தால் கீறல் விடும். உடையும் பொருளுக்கு வளைந்து கொடுக்கும் ஓடுதான் வேண்டும்.

3. ஜிப். சாதாரண ஜிப்பின் பல்வரிசையை ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் பிளந்துவிடலாம். திறந்தவன் வேலையை முடித்துவிட்டு, பூட்டோடு சேர்த்து ஜிப்பை ஒரு முறை ஓட்டினால் அது பழையபடி மூடிக்கொள்ளும். வீட்டில் கிடக்கும் பழைய பெட்டியில் செய்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. இரட்டை வரிசை ஜிப்போ, ஜிப்பே இல்லாமல் சட்டமும் தாழ்ப்பாளும் வைத்த பெட்டியோ இதற்கு எளிதில் இடம் கொடுக்காது.

4. சக்கரம். நான்கு சக்கரப் பெட்டியை உருட்டுவது சுகம். ஆனால் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அடி முதலில் அங்கேதான் விழும். கனமான பொருள் போகும் பெட்டிக்கு, உடலுக்குள் பாதி புதைந்த இரண்டு சக்கரமே என் பரிந்துரை.

5. திறக்கும் விதம். கெட்டி ஓட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் சரிபாதியாகப் பிளந்து திறக்கும். ஒவ்வொரு பாதியிலும் ஆழம் குறைவு. பெரிய அட்டைப் பெட்டியாக ஏதாவது உள்ளே போக வேண்டுமானால், ஒரு பக்கம் மட்டும் மூடி உள்ள பெட்டிதான் தோது.

6. பூட்டு. அமெரிக்கா போகிறவர்கள் டிஎஸ்ஏ குறி உள்ள பூட்டே வாங்குங்கள். அங்குள்ள பாதுகாப்பு அதிகாரிகள் தங்களிடமுள்ள சாவியால் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுவார்கள். வேறு பூட்டு என்றால் உடைப்பார்கள்.

அகலப்படுத்தும் கூடுதல் ஜிப்பை உடையும் பொருள் உள்ள பெட்டியில் திறக்காதீர்கள். பிதுங்கி நிற்கும் பகுதிக்குப் பின்னால் கெட்டி ஓடு இல்லை. 158 சென்டிமீட்டர் கணக்கும் உதைக்கும்.

கொலு பொம்மை

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று எங்கே வாங்கினாலும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் காகிதக்கூழ் பொம்மையே கேட்டு வாங்குங்கள். எடை குறைவு, விழுந்தாலும் சிதறாது. பாட்டி காலத்து மண் பொம்மையைத்தான் மகள் கேட்கிறாள் என்றால் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. வேல், புல்லாங்குழல், குடை என்று கழற்ற முடிந்ததைக் கழற்றித் தனியே சுற்றி, அந்தந்த பொம்மையின் பீடத்தோடு ஒட்டிவிடுங்கள். ஊர் போய்த் தேட வேண்டியிருக்காது.

2. இடுக்குகளை நிரப்புங்கள். பொம்மை உடைவது பெரும்பாலும் மணிக்கட்டு, கழுத்து, மயில் தோகை ஆகிய இடங்களில்தான். கிருஷ்ணனின் முழங்கை உடலைத் தொடாமல் விலகி நிற்கும் அந்த இடைவெளியில் பஞ்சையோ பழைய வேட்டிக் கிழிசலையோ மெதுவாக அடையுங்கள். அடி விழுந்தால் அது மெலிந்த கையில் தங்காமல் பருத்த உடம்புக்குப் போய்ச் சேரும். இறுக்கித் திணித்தால் நீங்களே கையை உடைத்துவிடுவீர்கள்.

3. முதல் சுற்று மெல்லிய வெள்ளைத்தாளோ பட்டர் பேப்பரோதான். பபிள் ராப் நேரடியாகப் பட்டால் வெயில் சூட்டில் சாயத்தோடு ஒட்டி, பிரிக்கும்போது முகத்தின் வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும்.

4. அதன்மேல் பபிள் ராப், குமிழ் உள்பக்கம் இருக்க இரண்டு சுற்று.

5. ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அட்டைப் பெட்டி. ஆறு பக்கமும் கசக்கிய செய்தித்தாள் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அடியில் போட்டுவிட்டு மேலே மறப்பவர்கள் அதிகம்.

6. மூடி, காதருகே வைத்து ஆட்டுங்கள். சத்தம் வந்தால் திறந்து இன்னும் தாள் அடையுங்கள். உள்ளே அசைய இடமிருக்கும் பொருள் ஒவ்வொரு குலுக்கலிலும் தானே போய் இடித்துக்கொள்ளும். நீங்கள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

7. அந்தப் பெட்டிகள் சூட்கேசின் நடுவில் உட்கார வேண்டும். சுவரை எங்கும் தொடக்கூடாது. சுற்றிலும் துண்டு, லுங்கி, பருத்திப் புடவை.

அடிக்கடி நடக்கும் தவறு: பட்டுப்புடவைக்குள் பொம்மையைச் சுற்றுவது. "பட்டுதானே, மெத்துனு இருக்கும்" என்பார்கள். பட்டு வழுக்கும், பொம்மை நழுவி ஓரத்துக்குப் போய்விடும். ஜரிகையும் மாட்டி இழுத்துக்கொள்ளும். சுற்றுவதற்குத் துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பருத்தித் துணிக்கு ஈடில்லை.

எச்சரிக்கை: மண் பொம்மையின் உள்கூட்டில் நகையையோ பணத்தையோ ஒளிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். உங்கள் சொந்த நகையே ஆனாலும், ஒளித்து வைத்த தங்கத்தைச் சுங்க அதிகாரி கடத்தலாகத்தான் பார்ப்பார்.

தஞ்சாவூர்ப் படம்

இந்தப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சில் புடைப்பு எழுப்பி, தங்கத் தகடும் கல்லும் பதித்திருக்கும். சட்டத்தின் கண்ணாடி உடைவது ஒரு நஷ்டம். உடைந்த சில்லு தகட்டைக் கீறுவது அதைவிடப் பெரிய நஷ்டம். கீறலைச் சரிசெய்யப் போகும் ஊரில் ஆள் கிடைக்காது.

1. சட்டம் போடும் கடையில் கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் தகடு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். உடையாது, எடையும் குறையும். போன இடத்தில் வேண்டுமானால் கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம்.

2. கண்ணாடியோடுதான் போகிறது என்றால் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடி முழுக்க ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு டேப்பிலேயே தங்கும்.

3. சட்டமே போடாத படமானால் முகத்தில் எதுவும் படக்கூடாது. பலகையின் நான்கு ஓரத்திலும், புடைப்பைவிட உயரமாக இருக்கும்படி அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, அதன்மேல் கெட்டி அட்டையை மூடியாக வையுங்கள்.

4. நான்கு மூலைக்கும் அட்டையில் மூலைக்கவசம் செய்து மாட்டுங்கள். சட்டம் முதலில் விடுவது மூலையில்தான்.

5. இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, சூட்கேசின் மையத்தில், மூடிக்கு இணையாக வையுங்கள். முன்னும் பின்னும் நான்கு விரல் கனத்துக்குத் துணி.

எளிதில் உடைகிற இன்னொரு பொருளைப் படத்தோடு சேர்த்து அதே பெட்டியில் போடலாம். ஊறுகாய் உள்ள பெட்டியில் மட்டும் படத்தை வைக்காதீர்கள்.

டேபிள் டாப் கிரைண்டர்

வாங்கும்போதே போகும் நாட்டின் மின்சாரத்தைச் சொல்லிவிடுங்கள். இங்கே 230 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கே ஓடும் 110 வோல்ட் மாடலைக் கோயம்புத்தூர் தயாரிப்பாளர்களே செய்து விற்கிறார்கள்.

கல்லை உள்ளேயே விட்டு அனுப்பினால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கல் டிரம்மைச் சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டே போகும். எனவே:

1. கழுவி, கல்லை இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடினால் போய்த் திறக்கும்போது பூசண வாடை அடிக்கும்.

2. உருளைக் கற்களை அச்சோடு கழற்றித் தடித்த டர்க்கி டவலில் தனித்தனியே சுற்றுங்கள்.

3. கற்கள் சூட்கேசில் போகட்டும். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் எது அடியோ அங்கே, அதாவது சக்கரத்துப் பக்கம் வையுங்கள். மேலே வைத்தால் நிமிர்த்தும்போது சரிந்து வந்து எல்லாவற்றையும் நசுக்கும்.

4. டிரம்முக்குள் துணியை அடையுங்கள், இடமும் மிச்சம்.

5. உடல்பகுதி அது வந்த தெர்மாகோலோடு, வந்த அட்டைப் பெட்டியிலேயே ஒரு உருப்படியாகப் போகலாம். மூலைகளிலும் மடிப்பிலும் அகல டேப், மேலே பிளாஸ்டிக் பட்டை. கயிறு வேண்டாம், கன்வேயர் பெல்ட்டில் மாட்டும்.

கல் எக்ஸ்ரேயில் கரிய உருண்டையாகத் தெரியும் என்பதால் திறந்து பார்க்கக் கூப்பிடலாம். விமானம் ஏறும்வரை கைபேசியை அணைக்காதீர்கள்.

வீணை

மெழுகின்மேல்தான் வீணையின் மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஓடுதளத்தில் வெயிலில் நிற்கும் சரக்கு வண்டியில் மெழுகு இளகி மேளம், அதாவது மெட்டுகளின் அமைப்பு, கலைந்துவிடும். தந்திகளைப் பாதி தளர்த்துங்கள். மெட்டுகளின்மேல் நீளவாக்கில் மெல்லிய துணிப்பட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். உறை பைபர் பெட்டியாக இருக்கட்டும், துணி உறை போதாது. வீணை 158 சென்டிமீட்டர் கணக்குக்குள் அடங்காது. டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லி, கூடுதல் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மரத்தில் குடைந்த, விலைமதிப்புள்ள பழைய ஏகாண்ட வீணை என்றால் பக்கத்தில் ஒரு இருக்கை வாங்குவதைப் பற்றியும் கேளுங்கள்.

ஊறுகாய், நெய்

பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்குக்கு இறங்கலாம். பெட்டிகள் போகும் கீழ்த்தளத்திலும் அப்படித்தான். புட்டியில் மாட்டிய காற்று மூன்றில் ஒரு பங்கு விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். ஆகவே காற்றுக்கு இடம் விடாமல் கழுத்துவரை நிரப்புங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம், அகல வாய் பிளாஸ்டிக் புட்டி போதும். வாயில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் மூடியைத் திருகி, சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவர் இரண்டில் காற்றை வெளியேற்றிப் போடுங்கள்.

நகை

வீட்டில் செய்ய வேண்டியது:

1. ஒவ்வொரு நகையையும் வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு படம் எடுங்கள். ரசீதுகளைத் தேடி எடுங்கள். ரசீது இல்லாதவற்றுக்கு, அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எடை, தரம், மதிப்பு எழுதிய சான்று வாங்குங்கள்.

2. சங்கிலியை ஒரு ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் நுழைத்துக் கொக்கியை மாட்டினால் சிக்காது. ஜிமிக்கி, மூக்குத்திக்கு மாத்திரை டப்பா. கல் அட்டிகையைப் பஞ்சு விரித்து, மடங்காமல் தட்டையாக வையுங்கள்.

3. வெள்ளியைப் பட்டர் பேப்பரில் சுற்றி ஜிப் கவரில் போடுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

4. எல்லாம் ஒரே சின்னப் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட், மாத்திரை, பவர் பேங்க்கும் அதிலேயே. கடைசி நேரத்தில் மேல் தட்டில் இடமில்லை என்று சொல்லி, விமானத்தின் வாசலில் உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அப்போது இந்தப் பையை மட்டும் உருவிக்கொண்டு ஏறுங்கள்.

விமான நிலையத்தில்:

நகையோடு திரும்பி வருவதாக இருந்தால், கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பி வரும்போது 'இதை வெளிநாட்டில் வாங்கினீர்களா' என்ற கேள்விக்கு அதுதான் பதில். ரசீது, மதிப்பீட்டுச் சான்று, படங்கள், நகைகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், உள்ளே நுழைந்ததும் சுங்க அலுவலர் எங்கே என்று கேளுங்கள். விலை உயர்ந்த கேமராவுக்கும் இதையே செய்யலாம்.

பாதுகாப்புச் சோதனைதான் நகை அதிகம் தொலையும் இடம். தட்டில் வளையலைத் தனியாக உருட்டி விடாதீர்கள். கழற்றியதைப் பைக்குள் போட்டு, பையைப் பெட்டிக்குள் வைத்த பிறகே பெல்ட்டில் விடுங்கள். இருவராகப் போனால் ஒருவர் முதலில் அந்தப் பக்கம் போய் நிற்கட்டும், மற்றவர் பிறகு அனுப்பட்டும். தனியாகப் போகிறவர்கள், முன்னால் இருப்பவர் சோதனை வாசலைக் கடந்த பிறகு பெட்டியைத் தள்ளுங்கள்.

பழைய விளக்கு, பழைய சிலை

100 ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு. கொள்ளுத்தாத்தாவின் வெண்கல விக்கிரகம் உங்கள் குடும்பச் சொத்தே ஆனாலும் விதி இதுதான். புதியது ஆனால் பழையது போலத் தோன்றும் பொருளுக்கு, தொன்மையானதல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். சுவாமிமலையிலோ பூம்புகார் விற்பனை நிலையத்திலோ வாங்கிய சிலைக்கு, பொருளின் விவரம் எழுதிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கவுண்டரில்

1. வீட்டிலேயே எடை பாருங்கள். தொங்கு தராசு இல்லையென்றால், பெட்டியோடு எடை மிஷினில் ஏறி நின்று, பிறகு வெறுமனே நின்று கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைவாகவே வையுங்கள், தராசுக்குத் தராசு மாறும்.

2. பெட்டியை மூடுமுன் உள்ளே இருப்பதை அடுக்கு அடுக்காகப் படம் எடுங்கள். மூடிய பிறகு நான்கு பக்கமும் எடுங்கள்.

3. பெயர், போகும் இடத்து முகவரி எழுதிய தாள் ஒன்று பெட்டிக்கு உள்ளேயும் இருக்கட்டும். வெளிச்சீட்டு பிய்ந்துபோனால் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பழைய பயணச் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள்.

4. 'உடையும் பொருள்' என்ற ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிப் பொதியைத் தளர்வாக விடாதீர்கள். உடையும் பொருள் என்று சொன்னால் சில நிறுவனங்கள் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் சீட்டில் கையெழுத்து வாங்கும். படித்துவிட்டுப் போடுங்கள்.

5. பெட்டிச் சீட்டின் துண்டில் போகும் ஊரின் குறியீடு சரியா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

பெட்டி வராவிட்டால், உடைந்து வந்தால்

சர்வதேசப் பயணத்தில் உங்களுக்குத் துணை நிற்பது 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ தாமதமானாலோ ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு. இது ஆளுக்குத்தான், பெட்டிக்கு இல்லை. அதைவிட மதிப்புள்ள பொருளை அனுப்பியே ஆக வேண்டுமானால், கவுண்டரில் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வழி இருக்கிறது.

1. பெல்ட் அருகிலேயே பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். ஓட்டில் பிளவு, ஜிப்பில் இழுப்பு, சக்கரம் முறிவு ஏதாவது தெரிந்தால் அங்கேயே படம் எடுத்துத் திறந்து பாருங்கள்.

2. வெளியே போகும் முன் விமான நிறுவனத்தின் லக்கேஜ் உதவி மேசையில் புகார் அறிக்கை பதிந்து எண் வாங்குங்கள். சுங்கப் பகுதியைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

3. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போது உடைந்தது தெரிந்தால், சுற்றிய தாள், அட்டைப் பெட்டி எதையும் எறியாதீர்கள். உடைந்த துண்டுகளோடு சேர்த்துப் படம் எடுங்கள். பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும்.

4. தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். இடையில் வாங்கிய மாற்றுத் துணி, சோப்பு வரை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

5. வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. பெட்டிச் சீட்டின் துண்டு, போர்டிங் பாஸ், உள்ளடக்கப் படங்கள், ரசீதுகள் நான்கையும் இணைத்து இழப்பீடு கேளுங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.